எதிர்வீட்டுக்காரர்களின் சுவர்

சுவரோவியர் என்றால் சாரத்தில் ஏறி நின்று பிரஷ் பிடிப்பவர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கடந்த ஒரு வருடத்தில் நான் சாரத்தில் நின்றதைவிட மாடிப்படியில் உட்கார்ந்து பேசியதே அதிகம். சென்னையின் தெற்கு விளிம்பில் ஒரு வாரியக் குடியிருப்பு. வரிசையாக மாடி பிளாக்குகள். ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் ஜன்னலே இல்லாத ஒரு பெரிய சுவர். எங்களைப் போன்றவர்களுக்கு அதைப் பார்த்ததும் கை துறுதுறுக்கும். எதிர் பிளாக்கில் குடியிருப்பவர்களுக்கோ காலையில் கதவைத் திறந்ததும் முதலில் தெரிவது அந்தச் சுவர்தான். வரைந்து முடித்ததும் நாங்கள் கிளம்பிவிடுவோம். அவர்கள் வருடக்கணக்கில் அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எதிர்வீட்டுக்காரர்களைக் கேட்காமல் ஒரு கோடுகூடப் போடுவதில்லை என்று வேலையைத் தொடங்கும்போதே எங்கள் குழு முடிவு செய்துகொண்டது.

சென்னையில் இந்த வேலைக்கு முன்னோடி கண்ணகி நகர். பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டி, 2000-ஆம் ஆண்டுவாக்கில் அன்றைய குடிசை மாற்று வாரியம் கட்டத் தொடங்கிய குடியிருப்பு அது. ஆற்றங்கரைகளிலும் கால்வாய் ஓரங்களிலும் இருந்து அகற்றப்பட்ட குடும்பங்களை 15,000-க்கும் மேற்பட்ட சிறு வீடுகளில் கொண்டுபோய்க் குடிவைத்தார்கள். 2020 தொடக்கத்தில் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளை, மாநகராட்சியுடனும் ஏஷியன் பெயின்ட்ஸ் நிறுவனத்துடனும் சேர்ந்து அங்குள்ள சுவர்களில் உள்நாட்டு, வெளிநாட்டு ஓவியர்களை வரையவைத்தது. கண்ணகி நகர் என்று விலாசம் எழுதினால் வேலை கிடைக்காது என அந்தப் பகுதி இளைஞர்கள் பல வருடங்களாகச் சொல்லி வந்த காலம் அது. ஓவியங்கள் வந்ததும் கேமராக்கள் வந்தன, பார்வையாளர்கள் வந்தார்கள். அதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனாலும் 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் கபடித் தங்கம் வென்று திரும்பிய கார்த்திகாவை, தமிழ்நாடே ‘கண்ணகி நகர் கார்த்திகா’ என்று கொண்டாடியதே, ஊரின் பெயர் தலைநிமிர்ந்தது அப்போதுதான். வண்ணத்தால் ஆகாததை அந்தப் பெண்ணின் ஆட்டம் செய்தது. பொதுச்சுவர்களில் வேலை செய்கிற நாங்கள் இந்த அளவை மறந்துவிடக் கூடாது.

எங்கள் குடியிருப்புக்கு வருகிறேன். என்ன வரையலாம் என்று கேட்டபோது ஆரம்பத்தில் வந்த பதில்கள் எல்லாம் ஒரே மாதிரி: மயில், தாமரை, பாரதியார், அப்துல் கலாம். வெளியிலிருந்து வந்தவர்களுக்கு இதுதான் பிடிக்கும் என்று நினைத்து, மரியாதைக்குச் சொல்லும் பதில் அது. அடுத்த பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். ‘கண்ணு, எங்க ஊட்டாண்ட ஒரு பூவரச மரம் இருந்துச்சு. மொதல்ல அதப் போடு’ என்றார், ஆற்றோரத்திலிருந்து இங்கே மாற்றப்பட்ட ஒரு பாட்டி. அந்த மரத்தடியில் அவர் இட்லிக் கடை போட்டிருந்தாராம். நான் காகிதத்தில் வரைய வரைய அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். விறகடுப்பு இல்லை, பம்ப் ஸ்டவ். இட்லிக் குண்டான் மூடியின் பிடி எப்போதோ உடைந்து, கம்பியை வளைத்துக் கட்டியிருந்தது. பூவரசம் பூ மரத்தில் இருக்கும்போது மஞ்சள்; வாடி உதிரும்போது சிவந்துவிடும். ‘கீழ செவப்பா கொட்டிக் கெடக்கும், அத விட்டுடாத’ என்றார். இப்போது அந்தச் சுவரில் கிளையெங்கும் மஞ்சள் பூ, தரையெல்லாம் சிவப்புப் பூ. இங்கேயே பிறந்து வளர்ந்த பேரப்பிள்ளைகள் அந்த மரத்தைப் பார்த்ததில்லை. வாடிக்கையாளர்கள் பாட்டியிடம் கடன் சொன்ன கதையெல்லாம் இப்போது சுவரைக் காட்டித்தான் நடக்கிறது.

முகம் வரைவது இதைவிடச் சிக்கல். நம் தெருக்களில் ஒரு முகம் ஆளுயரத்துக்கு மேல் பெரிதாகத் தெரிந்தால் அது தலைவராக இருக்கும், நடிகராக இருக்கும், இல்லையென்றால் கண்ணீர் அஞ்சலியாக இருக்கும். தூய்மைப் பணி செய்யும் ஓர் அக்காவை வரையலாம் என்று நாங்கள் கேட்டதும் அவர் பதறிப்போய், ‘உயிரோட இருக்கறவள ஏம்மா செவுத்துல ஏத்துற?’ என்றார். வீட்டில் கலந்து பேசி, அவர் சம்மதித்த பிறகுதான் புகைப்படமே எடுத்தோம். ஒரு நிபந்தனையும் போட்டார்: கையில் துடைப்பம் இருக்கக் கூடாது, மகளின் கல்யாணத்தில் கட்டிய புடவையில் இருக்க வேண்டும். முழு மனதோடு ஒத்துக்கொண்டோம். ஒருவருடைய வேலையை மட்டும் அவர் அடையாளமாகச் சுவரில் ஏற்றும் பழக்கம் எங்கள் தொழிலில் அதிகம். அதை விட்டொழிக்க வேண்டும்.

இந்த இடத்தில் இந்திரா நகர் ரயில் நிலைய ஓவியத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2021-இல் ஓவியர் ஏ-கில் சக ஓவியருடன் சேர்ந்து அந்தப் பறக்கும் ரயில் நிலையத்தின் முகப்பு நெடுக, பல வயதிலும் பல வாழ்நிலையிலும் உள்ளவர்களின் முகங்களை வரைந்தார். மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கமும் சேர்ந்து செய்த வேலை. அந்த முகங்களில் எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களும் உண்டு. யார் என்று பார்க்கிறவருக்குத் தெரியாது, தெரியவும் தேவையில்லை. அந்தச் சுவர் சொல்ல வந்த சேதி முழுவதும் அதில் அடங்கிவிட்டது. ஒரு வரி எழுத்துகூடத் தேவைப்படவில்லை. நம் நகரத்தில் நான் பார்த்த பொதுக்கலைகளில் இதை முதல் வரிசையில் வைப்பேன்.

நிறத்துக்கும் பஞ்சாயத்து உண்டு. கறுப்பும் சிவப்பும் அடுத்தடுத்து வந்தால் ஒரு கட்சி. நடுவில் வெள்ளை சேர்ந்தால் இன்னொரு கட்சி. நீலத்துக்குப் பக்கத்தில் சிவப்பை வைத்தால் அதற்கும் ஒருவர் வந்து நிற்பார். சாயங்காலம் டீக்கடையிலிருந்து இரண்டு மூன்று பேர் எழுந்து வந்து, ‘இது யாருக்காகப் போடுறீங்க?’ என்று கேட்டால் அதில் தப்பே இல்லை. சுவரை எழுத்துக்காக முன்பதிவு செய்து, ஆண்டைக் குறித்து, தேர்தலுக்குத் தேர்தல் வெள்ளையடித்து வாழ்ந்த ஊர் இது. படத்தை எடுத்துக் காட்டி, எதிர்வீட்டுப் பாட்டியையே பேசவிட்டோம். அதற்குப் பிறகு அவர்களே சாரத்துக்குக் கயிறு பிடித்தார்கள்.

கயிறு என்றதும் எங்கள் குழுவின் மூத்தவர் நினைவுக்கு வருகிறார். சினிமா பேனரும் கட்சிக் கட்அவுட்டும் எழுதி வளர்ந்த கை. ஃப்ளெக்ஸ் வந்ததும் அந்தத் தொழில் முழுவதும் படுத்துவிட்டது. அவர் கூட இருந்தவர்களில் பலர் வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கவும் வாட்ச்மேன் வேலைக்கும் போய்விட்டார்கள். கலைக்கல்லூரியில் படித்த நாங்கள் ராத்திரியில் புரொஜெக்டர் வைத்துப் படத்தைச் சுவரில் ஏற்றலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, அவர் காவிப்பொடியில் தோய்த்த நூலை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடிக்கச் சொல்லி, நடுவில் சுண்டிவிட்டார். நேர்க்கோடு விழுந்தது. குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் போட்டு முடித்துவிட்டு, கையில் ஒரு சிறு படத்தை மட்டும் வைத்துக்கொண்டு, மூன்று மாடி உயர முகத்தை மூக்கிலிருந்து தொடங்கினார். எந்த நிறம் நிற்கும், எது ஓடிவிடும் என்பதும் அவருக்கு மனப்பாடம். பளிச்சென்ற மஞ்சளும் ரோஸும் சென்னை வெயிலில் சீக்கிரம் வெளுக்கும். காவி மாதிரியான ஆக்ஸைடு நிறங்கள் தாங்கும். பூவரசம் பூக்களுக்கு அடியில் அவர் முதலில் காவி மஞ்சளை அடிக்கச் சொன்னது அதற்காகத்தான். மேல்நிறம் போனாலும் பூ நிற்கும் என்றார். இப்படிப்பட்டவர்களை உதவியாளர் கூலியில் வைத்துக்கொண்டு, திறப்பு விழாப் பலகையில் ஓவியர் பெயரை மட்டும் போடுவது அநியாயம். எங்கள் பலகையில் அவர் பெயர் முதலில் இருக்கிறது.

இனி ஓதத்தைப் பற்றிப் பேச வேண்டும். மூன்று பிளாக்குகளின் சுவர்களில் மாடிக்கு மாடி கழிவறைக் குழாய் கசிந்துகொண்டிருந்தது. தொட்டால் சில்லென்று இருக்கும். உப்புப் பூத்துப் பூச்சு பொரிப்பொரியாக உதிரும். அதன்மேல் பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, எமல்ஷன் ஏற்றிவிடலாம். திறப்பு விழா வரை அழகாக இருக்கும். அடுத்த மழையில் உள்ளே இருக்கும் ஈரம் வண்ணத்தைத் தோல் தோலாக உரித்துவிடும். அங்கே குடியிருக்கும் ஒரு அண்ணன் நேராகவே கேட்டார்: ‘உள்ள எங்க புள்ளைங்களுக்கு மூச்சு வாங்குது, வெளிய நீங்க பூப் போடப் போறீங்களா?’ இதற்கு ஓவியரிடம் பதில் இருக்க முடியாது. குழாய் மாற்றுவதுதான் பதில். குடியிருப்போர் மனு எழுதினார்கள், நாங்களும் சேர்ந்து கையெழுத்துப் போட்டோம், திரும்பத் திரும்ப அலுவலகம் போய் நின்றோம். இரண்டு பிளாக்குகளில் குழாய் மாறியது; சுவர் காய்ந்த பிறகு வரைந்தோம். மூன்றாவதில் மாறவில்லை. பணம் கொடுத்தவர்கள் எவ்வளவோ கேட்டும் அந்தச் சுவரை வரையாமல் விட்டுவிட்டோம். ஈரச்சுவரை வண்ணத்தால் மூடினால், அங்கே ஒரு குறை இருக்கிறது என்பதே வெளியில் தெரியாமல் போய்விடும். புகார் சொல்கிறவரிடமே ‘அதுதான் அழகாக்கிவிட்டோமே’ என்று சொல்லிவிடுவார்கள்.

வேலையில் சேர்ந்த பிள்ளைகளைப் பற்றி. பள்ளியை முடித்தும் முடிக்காமலும் தெருவில் நின்ற பையன்களும் பெண்களும் கறை துடைப்பதில் தொடங்கி, ஸ்டெய்னர் கலந்து நிறம் கொண்டுவருவது வரை பழகிக்கொண்டார்கள். அவர்களுக்கு நாள்கூலி கொடுத்தோம். ‘அனுபவம் கிடைக்கிறதே’ என்று சும்மா வேலை வாங்குவதை நான் ஏற்பதில்லை. அமெரிக்காவில், லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தின் ஒரு வெள்ளநீர்க் கால்வாயின் கான்கிரீட் கரையில் ஜூடி பாக்கா 1976-இல் ‘கிரேட் வால்’ ஓவியத்தைத் தொடங்கியபோது, போலீஸ், கோர்ட் என்று அலைந்த பிள்ளைகளைக்கூடக் கூலி கொடுத்துத்தான் வேலைக்கு எடுத்தார். பல கோடை விடுமுறைகளில், 400-க்கும் மேற்பட்ட இளையோரின் கையால் அது அரை மைல் நீளத்துக்கு வளர்ந்தது. இரண்டாம் உலகப் போரின்போது முகாம்களில் அடைக்கப்பட்ட ஜப்பானிய அமெரிக்கர்கள், 1930-களில் நாட்டைவிட்டு அனுப்பப்பட்ட மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்கள் எனப் பாடப்புத்தகம் தொடாத சரித்திரம் அந்தக் கரையில் இருக்கிறது. எனக்கு அதில் ரொம்பப் பிடித்த விஷயம் வேறு. 2011-இல் அந்த ஓவியம் முழுவதையும் கழுவி, நிறம் தேற்றிப் புதுப்பித்தார்கள். அத்தனை வருடம் கழித்தும் அதைப் பார்த்துக்கொள்ள ஓர் அமைப்பு இருந்தது, பாக்காவும் இருந்தார்.

நம்மிடம் இல்லாதது இதுதான். சுவரோவியத்துக்குப் பணம் தருகிறவர்கள் பெயின்ட்டுக்குத் தருகிறார்கள், விழாவுக்குத் தருகிறார்கள், ட்ரோன் வீடியோவுக்கும் தருகிறார்கள். இரண்டாவது வருடத்துக்கு ஒரு பைசா ஒதுக்குவதில்லை. வெளிச்சுவர் பெயின்ட் என்னதான் உயர்ந்த ரகமாக இருந்தாலும் நம் கடற்கரை ஊரின் உப்புக்காற்றிலும் வடகிழக்குப் பருவமழையிலும் அங்கங்கே விட்டுப்போகும். அப்போதே தொட்டுவிட்டால் சின்ன வேலை. விட்டுவிட்டால் அந்தச் சுவர், முன்பு வெறும் சுவராக இருந்ததைவிடப் பாழடைந்து தெரியும், குடியிருக்கிறவர்களுக்குத்தான் அவமானம். இந்த வருடம் எங்கள் பணத்தில் ஒரு பகுதியைத் தொடாமல் எடுத்து வைத்திருக்கிறோம். பயிற்சி பெற்ற பிள்ளைகள் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் கூலிக்கு வந்து பழுது பார்ப்பார்கள். நிறங்களின் கலவைக் குறிப்பும் மீதி டப்பாக்களும் அவர்களிடமே இருக்கின்றன.

உங்கள் தெருவுக்கும் யாராவது சாரமும் பெயின்ட் டப்பாவுமாக வரக்கூடும். சந்தோஷமாக வரவேற்றுத் தண்ணீர் கொடுங்கள். கூடவே, இந்தப் படத்தை யாரைக் கேட்டு முடிவு செய்தீர்கள், அடுத்த மழைக்குப் பிறகு இதைப் பார்த்துக்கொள்ள யார் வருவார்கள் என்று கேளுங்கள். பதில் வரும்வரை சாரம் கட்ட விடாதீர்கள்.