அப்பா பையில் ஐந்து பாஸ்போர்ட்

இத்தாலியில் ரோம், ஃப்ளாரன்ஸ், வெனிஸ் என்று குடும்பத்தோடு ஒரு சுற்று. பிறகு மற்றவர்கள் ஊருக்குக் கிளம்ப, மகளோ, பணி ஓய்வு பெற்ற அம்மாவோ இன்னும் சில நாள் தங்கி மிலானையும் நேப்பிள்ஸையும் தனியாகப் பார்த்துவிட்டு வருவது. இப்படிப் போகிறவர்கள் இப்போது நிறைய. போகட்டும், சந்தோஷம். சிக்கிக்கொள்வதெல்லாம் இந்த இரண்டாம் பாதியில்தான். முதல் பாதி முழுக்க எல்லாருடைய பாஸ்போர்ட்டும் அப்பாவின் தோள்பையில் இருக்கும். ரயில் டிக்கெட், ஹோட்டல் ரசீது, இன்சூரன்ஸ் எல்லாம் அவர் போனில் இருக்கும். விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டை மட்டும் கையில் திணித்து, ‘பத்திரம்மா’ என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விடுகிறார். மற்றதெல்லாம் அவரோடு பறந்துவிடுகிறது.

விசா ஸ்டிக்கரை முழுதாகப் படிப்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அதில் இரண்டு தேதிகள் இருக்கும்: எந்த நாளிலிருந்து, எந்த நாள் வரை. எத்தனை நாள் தங்கலாம் என்பது தனியாக ஓர் எண். பயணம் முன்னே பின்னே ஆகலாம் என்று இரு தேதிகளுக்கு நடுவே 15 நாள் கூடுதலாக விட்டுத் தருவது வழக்கம். 12 நாள் பயணத்துக்கு விண்ணப்பித்தவரின் ஸ்டிக்கரில் தேதிக் கணக்கு 27 நாள் காட்டும். தங்க அனுமதி என்னவோ 12 நாளுக்குத்தான். ‘மாசக் கடைசி வரைக்கும் விசா இருக்கே’ என்று தங்கிவிடுகிறவர் 13ஆம் நாளிலிருந்து சட்டத்துக்குப் புறம்பாகத் தங்கியிருக்கிறார். வந்திறங்கிய நாள், கிளம்புகிற நாள் இரண்டும் கணக்கில் சேரும். முன்பெல்லாம் அதிகாரி முத்திரையைப் புரட்டிப் பார்த்து எண்ண வேண்டும். 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக வந்திருக்கும் எல்லைப் பதிவு முறையில் கைரேகை, முகப் படத்தோடு கணினியே நாட்களை எண்ணிவிடுகிறது. தேதியைப் பார்க்காதீர்கள், நாட்களின் எண்ணைப் பாருங்கள்.

அங்கே போய் நீட்டித்துக்கொள்ளலாமே என்றால், ஊர் சுற்றுவதற்கெல்லாம் நீட்டிப்பு கிடையாது. படுத்த படுக்கையாகிவிட்டால், கிளம்பவே முடியாத நிலை வந்தால், அதற்கான சான்றோடு ‘குவெஸ்தூரா’ என்னும் காவல் தலைமையகத்துக்குப் போகலாம். அதுவும் அனுமதி நாட்கள் முடிவதற்குள். ஆகவே இது விண்ணப்பிக்கும்போதே தீர்க்க வேண்டிய காரியம். தனியாகத் தங்குகிறவர் தன் திரும்பும் டிக்கெட், தன் ஹோட்டல் பதிவு, கடைசி நாள் வரை செல்லும் தன் இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் தனியாக வைத்து, அத்தனை நாளுக்கும் கேட்க வேண்டும். ஏஜென்ட் ‘ஃபேமிலி ஃபைல்’ என்று எல்லாருக்கும் ஒரே தேதியை அடித்துக் கொடுத்துவிடுவார். அவருக்கு வேலை சுலபம். இன்சூரன்ஸ் குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும் என்பது விசா விதி. குடும்ப பாலிசி குடும்பம் திரும்பும் தேதியோடு முடிந்துவிடுகிறதா என்று ஒருமுறை படித்துப் பாருங்கள். மற்றவர்கள் போன பிறகு வழுக்கி விழுந்தால் அந்தச் செலவு உங்கள் தலையில்தான்.

தெரிந்தவர் வீட்டில் தங்குகிறவர்களுக்கு இன்னொன்று. ஹோட்டலில் பாஸ்போர்ட்டை வாங்கிப் பதிந்துகொள்கிறார்களே, அந்த விவரம் 24 மணி நேரத்துக்குள் காவல்துறைக்குப் போய்விடும். மிலானில் படிக்கும் சிநேகிதியின் அறையில் தங்கினால் யார் பதிவார்கள்? வெளிநாட்டவரைத் தங்கவைக்கும் வீட்டுக்காரர் 48 மணி நேரத்துக்குள் காவல்துறைக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தவறினால் அபராதம் அவருக்கு. பாரிஸ் வழியாகவோ சூரிக் வழியாகவோ, எல்லைச் சோதனையை அங்கேயே முடித்து இத்தாலிக்குள் வந்தவர் என்றால், தானும் 8 நாளுக்குள் குவெஸ்தூராவில் வருகையைத் தெரிவிக்க வேண்டும். ஹோட்டலில் தங்கினால் அங்கே கையெழுத்துப் போடும் பதிவுத்தாளே அதற்கு ஈடு. ‘ஃப்ரெண்டு வீடுதானே’ என்று விட்டுவிடாதீர்கள்.

சில்லறை விஷயங்களைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். உள்ளூர் ரயிலுக்குக் காகித டிக்கெட் வாங்கினால், ஏறுமுன் நடைமேடைப் பக்கம் இருக்கும் சிறு எந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். போனில் வாங்கியதென்றால் ஏறுமுன் ‘செக்-இன்’ தட்ட வேண்டும். குடும்பமாக வந்தபோது இதை அப்பா செய்திருப்பார். செய்ததே உங்களுக்குத் தெரிந்திருக்காது. வெனிஸ் பாலத்தில் துணி விரித்து விற்கும் போலி பிராண்டு கைப்பைகளைத் தொடாதீர்கள். அங்கே வாங்குகிறவருக்கும் 7,000 யூரோ வரை அபராதம் உண்டு.

இனி திருட்டு. ரோமில் டெர்மினி ரயில் நிலையம், அங்கிருந்து வத்திக்கான் பக்கம் போகும் 64ஆம் எண் பஸ், மெட்ரோ கதவு மூடும் அந்த ஒரு நொடி. மிலானில் பெரிய தேவாலயத்தின் முன் கையில் கயிறு கட்டிவிட வருகிறவர். எல்லாருக்கும் தெரிந்த இடங்கள்தான். தெரிந்தும் பாஸ்போர்ட், போன், கார்டு, பணம் நான்கையும் ஒரே பையில் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டு போகிறோம். பறிபோனபின் என்ன செய்வது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். நேரே தூதரகத்துக்கு ஓடுகிறார்கள். அங்கே முதல் கேள்வி: ‘போலீஸ் ரிப்போர்ட் எங்கே?’

எனவே முதலில் காவல் நிலையம். அதிலும் தேசியக் காவல்துறை, அல்லது கராபினியேரி என்னும் இன்னொரு காவல்படையின் நிலையம். தெருவில் போக்குவரத்தைக் கவனிக்கும் நகராட்சிப் போலீஸிடம் நின்று நேரத்தைக் கழிக்காதீர்கள். பெரிய ரயில் நிலையங்களில் ரயில்வே போலீஸ் அலுவலகம் அங்கேயே இருக்கிறது. கேட்க வேண்டியது ‘தெனுன்சியா’, அதாவது எழுத்துப் புகார். ‘நாளை வாருங்கள்’, ‘மொழிபெயர்ப்பாளர் இல்லை’ என்றெல்லாம் சொல்லிப் பார்ப்பார்கள். நகராதீர்கள். பறித்தார்களா, தொலைந்ததா என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். இரண்டும் வேறு வகைப் புகார். பாஸ்போர்ட் எண், விசா எண், போனின் ஐஎம்இஐ எண், போன பொருள் ஒவ்வொன்றும் அதில் வரவேண்டும். எழுதப்படாத பொருளுக்கு இன்சூரன்ஸ் காசு வராது. முத்திரையோடு பிரதியைக் கையில் வாங்காமல் வெளியே வராதீர்கள். உயிருக்கு ஆபத்து, அடிதடி என்றால் 112.

புகாரில் எழுத வேண்டிய எண்களெல்லாம் அந்த நேரத்தில் எங்கிருந்து கிடைக்கும்? மெயிலில் இருக்கிறது என்பார்கள். மெயிலைத் திறக்க ஓடிபி கேட்கும். ஓடிபி திருட்டுப்போன போனுக்குப் போகும். வங்கிக் கணக்கு அப்பா எண்ணில் இருந்தால், அவர் அந்த நேரம் எங்கோ நடுவானில் இருப்பார். ஆகவே காகிதம். பாஸ்போர்ட்டின் முதல், கடைசிப் பக்கங்கள், விசாப் பக்கம், இன்சூரன்ஸ், கார்டை முடக்க வங்கியின் எண், இரண்டு புகைப்படம். பெரிய பெட்டிக்குள் அடியில் ஒரு செட், ஊரில் ஒருவரிடம் ஒரு செட். கைப்பையில் வேண்டாம், அதுதானே போகப்போகிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனி செட். மறுபடி சொல்கிறேன், தனித்தனி.

அடுத்து தூதரகம். ரோமில் இந்தியத் தூதரகம் வியா வென்ட்டி செத்தெம்ப்ரே என்னும் தெருவில், 5ஆம் எண். டெர்மினியிலிருந்து நடந்தே போகலாம். மிலான், வெனிஸ் போன்ற வடக்குப் பகுதிகளுக்கு மிலானில் உள்ள துணைத் தூதரகம். ஃப்ளாரன்ஸில் பறிகொடுத்தவர் ரோமுக்குத்தான் வர வேண்டும். இலங்கைக் குடிமக்களுக்கும் ரோமிலும் மிலானிலும் தனி அலுவலகங்கள் உண்டு. சனி, ஞாயிறு பொதுச் சேவை இருக்காது. இந்திய விடுமுறை, இத்தாலிய விடுமுறை இரண்டையும் பாருங்கள். அவசரத் தொலைபேசி எண் தூதரக இணையதளத்தில் இருக்கிறது. கிளம்புமுன் அதையும் அந்தக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

அவசரச் சான்றிதழ் என்று ஒன்று தருவார்கள். அது ஊர் திரும்ப ஒரு வழிப் பயணத்துக்கு மட்டும். அதை வைத்துக்கொண்டு அடுத்த நாட்டைப் பார்த்துவிட்டு வரலாம் என்ற எண்ணம் வேண்டாம். பாஸ்போர்ட்டோடு விசாவும் போயிற்று. விவரங்களை இந்தியாவில் சரிபார்க்க நேரம் பிடிக்கலாம். மறுநாள் விமானத்துக்கு அவசரப்பட்டு டிக்கெட் போடாதீர்கள். நடுவில் வேறு நாட்டில் விமானம் மாறுவதானால், அந்தச் சான்றிதழோடு ஏற்றுவார்களா என்று விமான நிறுவனத்திடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். விமான நிலையத்தில் புகார்ப் பிரதியும் விசாப் பக்கத்தின் நகலும் கையில் இருக்கட்டும். எத்தனை நாள் தங்கினீர்கள் என்று கேட்பார்கள்.

ஊருக்கு வந்தபின் புதிய பாஸ்போர்ட்டுக்கு, தொலைந்தது என்ற வகையில் மறுவழங்கல் விண்ணப்பம். இணைப்பு ‘எஃப்’ என்னும் உறுதிமொழிப் பத்திரமும் போலீஸ் அறிக்கையும் வேண்டும். இத்தாலியில் வாங்கிய அந்தத் தாளைத் தூக்கி எறிந்துவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். பழைய பாஸ்போர்ட்டை ஹோட்டல்காரர் யாராவது கண்டெடுத்துத் தபாலில் அனுப்பினால், அதில் பயணம் செய்யாதீர்கள். தொலைந்ததாகப் பதிந்த நாளோடு அது செல்லாது. பாஸ்போர்ட் அலுவலகத்தில் ஒப்படைத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.