அடி காயம் ஆறிடும், மனக் காயம்?
"கதவுல இடிச்சுக்கிட்டேனுங்க" என்பவளிடம் என்ன சொல்வது?

பேளுக்குறிச்சி:

சனிக்கிழமை. கொல்லிமலை அடிவாரத்தில் பேளுக்குறிச்சி சந்தை கூடிவிட்டது. மிளகு, சீரகம், மல்லி வாசனை மூக்கைத் துளைக்கிறது.

அந்தக் கூட்டத்தில் ஒரு பெண் முந்தானையால் கழுத்தை மூடிக்கொண்டு வருகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"என்னம்மிணி, கழுத்துல காயம்?"

"கதவுல இடிச்சுக்கிட்டேனுங்க."

கதவு இடித்தால் விரல் தடம் விழுமா? கேட்டவருக்கும் தெரியும், சொன்னவளுக்கும் தெரியும். சில்லறையோடு பேச்சும் முடிந்துவிடுகிறது.

இவள் ஒருத்தி அல்ல. 2019-21ல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 100க்கு 38 பேர் கணவனின் வன்முறைக்கு ஆளானவர்கள். இந்திய அளவில், அடிபட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் யாரிடமும் வாயைத் திறக்கவே இல்லை!

திரும்பிப் போவது ஏன்?

"இவ்வளவு அடிச்சும் அவன்கிட்டயே போறாளே!" என்று ஊர் வாய் பேசும்.

அமெரிக்க மனநல நிபுணர் லெனோர் வாக்கர் 1979லேயே இதற்கு விடை சொன்னார். முதலில் வீட்டில் புகைச்சல். அடுத்து அடி. அதன் பிறகு அழுகை, மன்னிப்பு, மல்லிகைப்பூ! "இனிமே குடிக்க மாட்டேன்" என்று சத்தியம். கொஞ்ச நாளில் மறுபடியும் புகைச்சல். இப்படியே சக்கரம் சுற்றுகிறது.

அந்த மல்லிகைப்பூ நாட்களை நம்பித்தான் அவள் திரும்பிப் போகிறாள். போக்கிடம் இல்லை, கையில் காசில்லை, பிள்ளைகள் வேறு. இதைப் புத்தி கெட்டதனம் என்று சொல்ல முடியுமா?

எழுதி, அழித்து...

படித்த பெண்ணுக்கு இது நேராது என்பதும் பொய். சென்னையைச் சேர்ந்த எழுத்தாளர் மீனா கந்தசாமி, மணவாழ்வில் தான் பட்ட அடியை 2012ல் ஒரு பத்திரிகைக் கட்டுரையில் வெளிப்படையாக எழுதினார். அந்த வாழ்வை அடிப்படையாக வைத்து 2017ல் ‘வென் ஐ ஹிட் யூ’ என்ற ஆங்கில நாவலை எழுதினார். மறு ஆண்டே அது பிரிட்டனின் பெண்கள் புனைகதைப் பரிசுக்கான இறுதிப் பட்டியலில் இடம்பிடித்தது.

அதன் நாயகி, கணவன் வருவதற்குள் கம்ப்யூட்டரில் கடிதம் எழுதுவாள். அவன் வரும் முன் அழித்துவிடுவாள். அடைபட்ட வீட்டுக்குள்ளேயே தன் மனசைத் தன் வசம் வைத்துக்கொள்ளும் வழி அது!

எழுதத்தான் வேண்டும் என்பதில்லை. நம்பிக்கையான ஒரே ஒரு ஆள் போதும். ரேஷன் கார்டு, ஆதார், பாஸ்புக் நகல்களும் கொஞ்சம் பணமும் அவரிடம் இருக்கட்டும்.

ஒரு எச்சரிக்கை: கழுத்தை நெரிப்பது சாதாரண அடி அல்ல. உயிருக்கே ஆபத்து என்பதற்கு அடையாளம். வீட்டை விட்டுக் கிளம்பும் நேரமும் அப்படித்தான். தனியாகக் கிளம்ப வேண்டாம்.

வெளியே வந்த பிறகு...

வந்தாச்சு, நிம்மதி என்று நினைத்தால் அதுதான் இல்லை. தூக்கம் வராது. தெருவில் பைக் சத்தம் கேட்டால் நெஞ்சு படபடக்கும். அடித்தவன் ஞாபகம் வந்து கண் கலங்கும். "எனக்குப் பைத்தியமா?" என்று பயம் வரும். இல்லவே இல்லை. காயம் ஆறும்போது அரிக்கிற மாதிரிதான் இதுவும்.

இதற்கு மூன்று படி உண்டு என்று ஜூடித் ஹெர்மன் என்ற மனநல டாக்டர் 1992ல் எழுதினார். முதலில் பத்திரமான இடம். அடுத்து, நடந்ததைச் சொல்லி அழுவது. மூன்றாவது, வேலை, சிநேகிதம் என்று மறுபடியும் மனிதர்களோடு சேர்வது. முதல் படி இல்லாமல் இரண்டாவதற்குத் தாவ முடியாது.

எங்கே கேட்பது?

பெண்கள் உதவி எண் 181. இரவு பகல் எந்நேரமும் பேசலாம். மனசு தாங்காவிட்டால் 14416. இலவசம், தமிழிலேயே பேசலாம். 2006 அக்டோபர் 26 முதல் நடப்பில் உள்ள குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி, மாஜிஸ்திரேட்டிடம் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். வீடு கணவன் பேரில் இருந்தாலும், குடியிருக்கும் உரிமை மனைவிக்கு உண்டு. பெண் என்றாலே இலவச வக்கீல் கிடைக்கும், வருமானத்தைப் பார்ப்பதில்லை.

அக்கம்பக்கத்தாருக்கு ஒரு வார்த்தை. "அனுசரிச்சுப் போ" என்று சொல்லாதீர்கள். "ஏன் அப்பவே வரலே?" என்றும் கேட்காதீர்கள்.

"கதவுல இடிச்சுக்கிட்டேன்" என்று அடுத்த சனிக்கிழமை யாராவது சொன்னால், சில்லறையை நீட்டும்போது மெதுவாக இதைச் சொல்லுங்கள்:

"உம்மேல தப்பில்ல அம்மிணி. எப்ப வேணும்னாலும் எங்க வீட்டுக்கு வா."