இரண்டு பைத்தானிலும் ஓடும் ஒரே நிரல்

பைத்தான் நிரல்மொழியின் 3.0 பதிப்பு 2008 டிசம்பரில் வெளியானது. 2 வரிசைக்கு எழுதிய நிரல்கள் பல அதில் அப்படியே ஓடவில்லை. பழைய குறைகளைக் களையத் தெரிந்தே எடுத்த முடிவு அது. ஆனால் பயனர்கள் ஒரே நாளில் மாறிவிடுவதில்லை. அதனால் லைப்ரரிகளை எழுதியவர்கள் பல ஆண்டுகள் இரண்டு வரிசைக்கும் பொருந்தும் நிரலைத் தர வேண்டியிருந்தது.

மாற்றங்களில் சில உடனே தெரிந்துவிடும். பிரிண்ட் என்பதற்குப் பின் அடைப்புக்குறி போடாவிட்டால் 3 வரிசை பிழை காட்டி நின்றுவிடும். இது தொல்லைதான், ஆபத்தல்ல. நிரல் நிற்காமல் வேறு விடை தரும் இடங்களில்தான் ஆபத்து இருக்கிறது. 7-ஐ 2-ஆல் வகுத்தால் பழைய வரிசையில் 3, புதியதில் 3.5. யுடிஎஃப்-8 கோப்பில் சாதாரணச் சரமாக எழுதிய 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் பழையது 15 பைட்டுகளை எண்ணும். புதியது 5 யூனிகோடு குறிகளை எண்ணும். நீளம் பார்த்துப் பெயரைச் சுருக்கும் நிரல், பழைய வரிசையில் ஓர் எழுத்தின் நடுவிலேயே வெட்டிவிடக்கூடும்.

வகுத்தலுக்கு மொழியிலேயே வழி இருந்தது. கோப்பின் தலைப்பில் ஃபியூச்சர் இம்போர்ட் வரியைச் சேர்த்தால் 2.7 பதிப்பும் புதிய முறையில் வகுக்கும். மற்ற பல வேறுபாடுகளுக்கு பெஞ்சமின் பீட்டர்சன் 2010-ல் வெளியிட்ட, ஒரே கோப்பாலான 'சிக்ஸ்' என்ற லைப்ரரி கைகொடுத்தது. இரண்டை மூன்றால் பெருக்கி வந்த பெயர் அது. வேறுபாடுகளை அந்த ஒரே கோப்பு தாங்கிக்கொள்ளும். மற்ற நிரல் எந்தப் பதிப்பில் ஓடுகிறோம் என்று கேட்க வேண்டியதில்லை. பதிப்புச் சோதனைகளை நிரல் முழுக்கத் தூவிவைத்தவர்கள் பிறகு அவற்றைத் தேடித்தேடி நீக்க வேண்டியிருக்கும்.

பதிப்பு எண்ணைவிட, தேவையான வசதி இருக்கிறதா என்று பார்ப்பதே மேல். ஒன்றைப் புதிய இடத்திலிருந்து இம்போர்ட் செய்ய முயன்று, கிடைக்காவிட்டால் பழைய இடத்துக்குப் போகலாம். எண்ணைப் பார்த்தே ஆக வேண்டுமானால் எண்ணாகவே ஒப்பிட வேண்டும். எழுத்து வரிசைப்படி 3.10 என்பது 3.9-க்கு முன்னால் வந்துவிடும். 2021-ல் 3.10 வெளியானபோது, முதல் மூன்று எழுத்துகளை மட்டும் வெட்டிப் படித்த நிரல்கள் அதை 3.1 என்று எடுத்துக்கொண்டன.

வகுத்தல் போன்ற மாற்றங்களோ வசதி இருக்கிறதா என்று பார்க்கும் முறைக்கும் பிடிபடாது. ஆதரிக்கும் ஒவ்வொரு பதிப்பிலும் சோதனைகளை ஓட்டினால்தான் அவை வெளிப்படும். 'டாக்ஸ்' என்ற கருவி அதைத் தானாகச் செய்யும்.

இணையதளங்களை உருவாக்கப் பயன்படும் ஜாங்கோ, 2013-ல் வந்த 1.5 பதிப்பு முதல் ஒரே மூலநிரலை இரு வரிசையிலும் ஓட்டியது. 2017 டிசம்பரில் 2.0 வந்தபோது பழைய பைத்தானைக் கைவிட்டது. ஆனாலும் தன்னிடமிருந்த சிக்ஸ் நகலை உடனே நீக்கவில்லை; பிறர் எழுதிய துணைச்செயலிகள் அதை நம்பியிருந்தன. பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ல் முடிவதாக இருக்க, அதற்கு முந்தைய மாதம் வெளியான ஜாங்கோ 3.0-இல்தான் அந்த நகல் நீக்கப்பட்டது.