உங்களுக்குத் தெரியுமா? ஆவிக்குரிய சரீரம் ஆவி இல்லை!

● முல்லைத்தீவின் தண்ணீரூற்று, முள்ளியவளைப் பக்கம் சைவர், முஸ்லிம்கள், கிறிஸ்தவர் எல்லாரும் அடுத்தடுத்துக் குடியிருக்கிறார்கள். ஒருவர் வீட்டுச் செத்தவீட்டுக்கு மற்றவர் போவது வழமை. சுடலையும் சேமக்காலையும் மையவாடியும் எல்லாருக்கும் தெரிந்த இடங்கள்தான். ஆகவே கேள்வியும் பொதுவாகவே வரும்: உயிர்த்தெழும்போது எந்த உடம்போடு எழும்புவார்கள்? கொரிந்து பட்டணத்தாரும் இதையேதான் கேட்டார்கள். கி.பி. 53–55 அளவில் எபேசுவிலிருந்து பவுல் அவர்களுக்கு எழுதிய முதலாம் கடிதத்தின் 15ஆம் அதிகாரம் அதற்குப் பதில். 58 வசனங்களோடு, அந்தக் கடிதத்திலேயே நீளமான அதிகாரம் அதுதான்.

● பலரையும் இடற வைப்பது 44ஆம் வசனம். விதைக்கப்படுவது ஒருவகைச் சரீரம், எழுப்பப்படுவது ‘ஆவிக்குரிய சரீரம்’ என்கிறார் பவுல். உடனே வெள்ளைப் புகைபோல ஒரு உருவம் நம் மனதில் வந்து நிற்கும். ஆனால் முதல் சரீரத்துக்கு அவர் போட்ட கிரேக்கச் சொல்லைப் பாருங்கள். ‘சதையாலான சரீரம்’ என்று அவர் சொல்லவில்லை. ‘உயிர்’ அல்லது ‘ஆன்மா’ என்ற சொல்லிலிருந்து பிறந்த அடைமொழியைத்தான் போட்டிருக்கிறார். ஆவிக்குரிய சரீரம் ஆவியால் செய்யப்பட்டது என்றால், இப்போது நாம் சுமந்து திரியும் உடம்பு ஆன்மாவால் செய்யப்பட்டதாக இருக்கவேண்டும். அப்படி யாரும் சொல்வதில்லை. எதனால் ஆனது என்பதல்ல, எது அதை இயக்குகிறது என்பதே பேச்சு. பொருளாதாரத் தடைக்காலத்தில் வன்னியில் மோட்டார் சைக்கிள் ஓடியவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். காபரேற்றருக்குள் இரண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு உதைத்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓடுவார்கள். அதை ‘மண்ணெண்ணெய் மோட்டார் சைக்கிள்’ என்றால் மண்ணெண்ணெயால் வார்த்த சைக்கிள் என்று யார் நினைப்பார்?

● இதை எல்லா அறிஞரும் ஒப்பவில்லை. அமெரிக்க ஆய்வாளர் டேல் மார்ட்டின் 1995இல் வெளியிட்ட நூலில், அக்காலத்தவருக்கு ஆவியும் ஒரு நுண்ணிய பொருள்தான் என்று வாதிட்டார். 50ஆம் வசனத்தில் மாம்சமும் இரத்தமும் இறையரசைச் சுதந்தரிக்காது என்று பவுலே சொல்லிவிடுவது அவர் கட்சிக்குப் பலம். ஆனால் 53ஆம் வசனத்தில் அழிவுள்ள ‘இது’ அழியாமையை உடுத்துக்கொள்ளும் என்கிறார் பவுல். உடுத்துவதற்கு ‘இது’ இருந்தாகவேண்டுமே. என் வாக்கு 53ஆம் வசனத்தின் பக்கம்தான்.

● யாழ்ப்பாணத்தில் பீற்றர் பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து வேதாகமத்தைத் தமிழாக்க உதவியவர் ஆறுமுக நாவலர். அது 1850இல் அச்சேறியது. பருவுடலான தூல உடம்பு, நுண்ணுடலான சூக்கும உடம்பு என்ற தத்துவத்தில் கரைகண்ட சைவர் அவர். ஆனால் சூக்கும உடம்பு நமக்குள் இப்போதே இருப்பது. பவுல் சொல்வது இனி எழுப்பப்படப்போவது. இரண்டையும் ஒன்றாக்கி விளக்குகிற பிரசங்கிமார் கவனிக்க!

● 37ஆம் வசனத்தில் பவுல் காட்டும் உவமை விதைமணி. காலபோகத்துக்கு விதைத்துச் சில நாளில் ஒரு நெல் நாற்றை வேரோடு பிடுங்கிப் பாருங்கள். வேருக்கு மேலே உமிக்கூடு ஒட்டிக்கொண்டிருக்கும். நசுக்கினால் பால்போல ஒரு திரவம் வரும். மணியைக் காணோம், ஆனால் மொட்டைக்கறுப்பன் நெல் விதைத்த இடத்தில் மொட்டைக்கறுப்பன்தான் நிற்கிறது. 38ஆம் வசனமும் ஒவ்வொரு விதைக்கும் அதனதன் உடல் என்கிறது. விதை செத்தால்தான் உயிர்க்கும் என்று பவுல் சொன்னதைப் பிடித்து, 1790களில் எழுத்தாளர் தோமஸ் பெயின் அவரை மடக்கினார்: செத்த விதை முளைக்காது, உயிருள்ள விதைதான் முளைக்கும் என்று. தாவரவியலில் பெயின் சொன்னது சரி. பவுல் நடத்தியது தாவரவியல் வகுப்பு அல்லவே!

● எழுப்பப்பட்ட உடல் வெறும் ஆவியல்ல என்பதற்கு: உயிர்த்த இயேசு சுட்ட மீன் சாப்பிட்டதாக லூக்கா 24 சொல்கிறது. யோவான் 21இல் கரையில் கரிநெருப்பு மூட்டி மீன் சுட்டு வைத்திருந்தவரும் அவரே.

● எழுப்பப்படும் உடல் உருண்டையாக இருக்கும் என்ற கருத்தை ஒரிஜன் என்ற பழைய அறிஞரின் தலையில் கட்டி, 543இல் யுஸ்தீனியன் சக்கரவர்த்தி கட்டளையிட்டே கண்டித்தார். கிரேக்கருக்குக் குறையற்ற வடிவம் கோளம்.

● சரி, உடலே கிடைக்காதவர்கள்? 2004 டிசம்பர் 26இல் முல்லைத்தீவுக் கரையில் சுனாமி கொண்டுபோனவர்களுக்கும், 2009 போரில் முள்ளிவாய்க்காலில் புதைத்த இடம் தெரியாமல் போனவர்களுக்கும் கல்லறை இல்லை. கல்லறைத் திருநாளான நவம்பர் 2இல் எந்தக் குழியில் மெழுகுதிரி கொளுத்துவது? சமுத்திரம் தன்னிலுள்ள மரித்தோரை ஒப்புவிக்கும் என்கிறது வெளிப்படுத்தல் 20:13. உடல் ஓரிடத்தில் பத்திரமாக இருக்கவேண்டும் என்ற நிபந்தனை பவுலின் 15ஆம் அதிகாரம் முழுக்கத் தேடினாலும் இல்லை.

● இறந்தவர் உடலை எரிப்பதற்கு இருந்த தடையைக் கத்தோலிக்கத் திருச்சபை 1963இல் தளர்த்தியது. சாம்பலைத் தூவக்கூடாது என்று 2016இல் அறிவித்தது. எரிக்கலாம் என்பது வேறு, எரித்தே ஆகவேண்டும் என்பது வேறு. கோவிட் காலத்தில், 2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி வரை, கோவிட்டில் இறந்த முஸ்லிம்களின் உடல்களையும் இலங்கை அரசு எரிக்க வைத்தது. பிறகு புதைக்க அனுமதித்தபோது கிளிநொச்சியின் இரணைதீவைக் காட்டியது. இடம்பெயர்ந்து 2018இல்தான் தங்கள் மண்ணுக்குத் திரும்பியிருந்த அந்தத் தீவு மக்கள் எதிர்த்தார்கள். கடைசியில் மட்டக்களப்பின் ஓட்டமாவடியில் அடக்கம் நடந்தது.

● வள்ளலார் 1874 ஜனவரியில் மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் புகுந்து ஒளியுடல் பெற்றார் என்பது அடியார் நம்பிக்கை. சாகாமலே மாறுவது பவுலுக்கும் புதிதல்ல: எல்லாரும் சாவதில்லை, ஆனால் எல்லாரும் மாற்றப்படுவோம் என்பது 51ஆம் வசனத்தின் சாரம்.

● 44ஆம் வசனத்தைவிடச் சிக்கலானது 29ஆம் வசனம்: மரித்தவர்களுக்காக ஞானஸ்நானம் பெறுகிறவர்கள் என்று ஒரு கூட்டத்தைப் பவுல் குறிப்பிடுகிறார். பழைய பிரிவினரான மார்சியன் கூட்டத்தார் இதை எப்படிச் செய்தார்கள் என்று திருச்சபைத் தந்தை கிறிசோஸ்தோம் ஒரு பிரசங்கத்தில் சொல்கிறார். பிரேதம் கிடக்கும் கட்டிலுக்குக் கீழே ஒருவர் ஒளிந்திருப்பார். ‘ஞானஸ்நானம் வேண்டுமா?’ என்று பிரேதத்தைக் கேட்டால், ‘வேண்டும்’ என்று கீழிருந்து குரல் வரும். ஒளிந்திருந்தவருக்கே ஞானஸ்நானமும் நடக்கும். மோர்மன் சபையாரோ 1840இலிருந்து, கட்டில் இல்லாமல், இதை முறைப்படியே செய்துவருகிறார்கள்.