100 கிலோமீற்றர் என்ற எல்லை

எங்கள் பிள்ளைகளில் பலர் தொழிற்பயிற்சிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் பிராந்தியத் தொடருந்தில்தான் போய்வருகிறார்கள். கடைசி வண்டி வந்து சேரும்வரை விழித்திருக்கும் பெற்றோரில் நானும் ஒருவன்.

2011 ஜனவரி 29 இரவு, ஜேர்மனியின் சக்சன்-அன்ஹால்ட் மாநிலத்தில் ஹோர்டோர்வ் கிராமத்தருகே, பனிமூட்டத்தில் ஒரு சரக்குத் தொடருந்து சிவப்புச் சமிக்ஞையைக் கடந்து ஒற்றைத் தண்டவாளப் பாதைக்குள் நுழைந்தது. எதிரே பயணிகள் வண்டி. 10 பேர் இறந்தார்கள்.

சாரதி தவறினாலும் வண்டியை நிறுத்தும் கருவி இந்த நாட்டில் 1930களிலிருந்தே உண்டு. தண்டவாளத்தின் ஓரத்தில் பெட்டிபோல ஒரு காந்தம். அடுத்த சமிக்ஞை சிவப்பு என்று முன்னறிவிப்புச் சமிக்ஞை காட்டினால், அதைக் கடக்கும் சாரதி 4 விநாடிக்குள் ஒரு பொத்தானை அழுத்தவேண்டும். அழுத்தாவிட்டால் பிறேக் தானாகவே விழும். சிவப்பையே கடந்தால், அந்த இடத்திலேயே அவசர பிறேக். ஹோர்டோர்வில் அந்தக் காந்தம் இருக்கவில்லை.

சட்டம் அதைக் கேட்கவில்லை என்பதுதான் காரணம். மணிக்கு 100 கிலோமீற்றருக்கு மேல் அனுமதிக்கப்பட்ட பாதைகளுக்கே அது கட்டாயம். அந்தப் பாதையின் உச்சவேகம் சரியாக 100! கணக்காளனான எனக்கு இந்த வகை எல்லைகள் பழக்கம். வரி வரம்புக்குச் சற்றுக் கீழே நிற்கும் எத்தனையோ கணக்குகளைப் பார்த்தவன். ஆனால் அங்கே போவது காசு.

2012இல் விதியை இறுக்கினார்கள். வேகம் குறைந்த பாதைகளும் உள்ளே வந்தன. ஆனாலும் 2016 பெப்ரவரியில் பவேரியாவின் பாட் ஐப்ளிங்கில் 12 பேர் இறந்தார்கள். அங்கே காந்தம் இருந்தது. கைத்தொலைபேசியில் விளையாடிக்கொண்டிருந்த கட்டுப்பாட்டாளர், சிவப்பைக் கடக்க அனுமதிக்கும் விசேட சமிக்ஞையைத் தவறாகக் கொடுத்துவிட்டார்.

தொடருந்துப் பாதுகாப்பை மேற்பார்வை செய்வது 1994இல் பொண் நகரில் தொடங்கிய கூட்டாட்சித் தொடருந்துப் பணியகம். விபத்து விசாரணைப் பிரிவின் ஒரு பகுதியும் முன்னர் அதற்குள்ளேயே இருந்தது. கணக்கு எழுதியவரே கணக்காய்வும் செய்வது போன்ற ஏற்பாடு. 2017இல்தான் விசாரணைக்குத் தனி அலுவலகம் வந்தது.

போன கிழமை மகளைக் கூட்டிவரப் போனபோது, நடைமேடை முடிவில் சமிக்ஞையின் அடியில் தேடினேன். வலதுபக்கத் தண்டவாளத்தை ஒட்டி அந்தப் பெட்டி இருந்தது.