ஆறு நாற்காலிக்கு ஓர் ஆள்

வேலையைப் பிரித்துச் செய்வது எப்படி என்று ஓசூர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. டூவீலர் லைனில் சக்கரம் மாட்டுகிறவர் ஒருவர், போல்ட் இறுக்கத்தைச் சரிபார்ப்பவர் இன்னொருவர், கடைசியில் வண்டியை ஓட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர் வேறொருவர். அதே ஊரில் சாயங்காலம் ஏதாவது ஒரு கல்லூரி மைதானத்துக்குப் போய்ப் பாருங்கள். கூடைப்பந்து கோர்ட்டின் ஓரத்தில் கழுத்தில் விசிலோடு ஒருவர் நிற்பார். பந்துக்குக் காற்றடிப்பதும் அவர்தான், ஆட்டம் சொல்லித்தருவதும் அவர்தான். சுளுக்கு விழுந்த காலில் ஐஸ் வைப்பார். நாளை மறுநாள் போட்டிக்குப் பையன்களுக்கு ஓ.டி. வேண்டும் என்று பிரின்சிபால் அறை வாசலிலும் நிற்பார். காகிதத்தில் அவர் உடற்கல்வி இயக்குநர். பையன்களுக்கு பி.டி. சார்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கதை வேறு. அங்கே கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ.வின் முதல் பிரிவில், 2023 முதல் ஆண்கள் கூடைப்பந்து அணிக்குத் தலைமைக் கோச் ஒருவரும் உதவிக் கோச்சுகள் ஐந்து பேரும் இருக்கலாம். உடல் வலுவுக்கு ஒருவர், காயத்துக்கு ஒருவர், வீடியோ வெட்டித்தர ஒருவர், பயணமும் சாப்பாடும் பார்க்க ஒருவர் என்று வருகிறவர்களெல்லாம் இந்தக் கணக்கில் சேர்த்தியில்லை. களத்தில் ஓடுவதோ ஐந்தே பேர்.

இத்தனை பேருக்கு அப்படி என்னதான் வேலை?

நம் ஊர் ஆட்டங்களுக்கு அடிப்படை, சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபீபாவின் விதிகள். பன்னிரண்டு வீரர்களோடு, தலைமைக் கோச், முதல் உதவிக் கோச், இன்னும் சில உதவியாளர்கள் அணியின் பெஞ்சில் உட்காரலாம். ஆட்டம் நடக்கும்போது எழுந்து நிற்கும் உரிமை இந்த இரண்டு கோச்சுகளுக்குத்தான். அதிலும் ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டும். டைம்-அவுட் கேட்பதும் இவர்கள் இருவரில் ஒருவர்தான். பெஞ்சில் யாராவது வாய்விட்டால் அந்தத் தவறு தலைமைக் கோச் கணக்கில்தான் ஏறும். அவரே இரண்டு முறை வரம்பு மீறினாலும், பெஞ்சின் தவறுகளும் சேர்ந்து மூன்றானாலும், அவர் வெளியே போக வேண்டியதுதான். பொறுப்பை ஒருவர் தலையில் கட்டிவிட்டு, வேலையைப் பலருக்குப் பகிர்ந்து கொடுக்கும் விதி இது.

அந்த வேலைகளில் கண்ணுக்குத் தெரியாதது கணக்கு. எதிரணியில் இருவர் இருக்கிறார்கள் என்று வையுங்கள். ஒருவர் ரிங்கிலிருந்து 6.75 மீட்டர் தள்ளியிருக்கும் வளைவுக்கு வெளியே நின்று பத்துக்கு நான்கு போடுகிறார். இன்னொருவர் உள்ளே வந்து பத்துக்கு ஐந்து போடுகிறார். பார்வையாளர் கண்ணுக்கு இரண்டாமவர்தான் கெட்டிக்காரர். ஆனால் முதலாமவர் எடுத்தது பன்னிரண்டு புள்ளி, இரண்டாமவர் பத்து. போட்டிக்கு முன்பே இதை எழுதிவைத்து, “அவனை ஒட்டி நில்லு, தாண்டிப் போனாலும் பரவாயில்லை, வெளியே நின்று போட விடாதே” என்று சொல்வதற்குத்தான் ஓர் உதவிக் கோச். இதற்குக் கம்ப்யூட்டர் வேண்டும் என்று கட்டாயமில்லை. கோர்ட்டின் படம் வரைந்த தாளில், விழுந்ததற்கு வட்டமும் விழாததற்குப் பெருக்கல் குறியும் போட ஒரு முதலாமாண்டு மாணவர் போதும். இந்த வேலையை மட்டும் கைமாற்றிக் கொடுக்கத் தெரிந்த பி.டி. சார் பாதி பாரத்தை இறக்கிவைத்தவர் என்பேன்.

இன்னொருவர் ஃபவுல் எண்ணுகிறார். ஐந்து ஃபவுல் ஆன வீரர் மறுபடி களத்தில் இறங்க முடியாது. பத்து நிமிடக் கால்பகுதி ஒன்றில் அணிக்கு நான்கு ஃபவுல் ஆகிவிட்டால், ஐந்தாவதிலிருந்து எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. ஸ்கோரர் மேசையிலும் இந்தக் கணக்கு இருக்கும். ஆனால் கோச்சுக்கு அது கேட்காமலே காதில் விழ வேண்டும்.

உடலைப் பார்ப்பவரின் வேலையை நம் பக்கம் யாரும் வேலையாகவே எண்ணுவதில்லை. கூடைப்பந்தில் அதிகம் அடிபடுவது கணுக்கால். குதித்தவன் இன்னொருவன் பாதத்தின் மேல் இறங்குவான், கால் மடங்கும். நம் கல்லூரிகளில் பெரும்பாலும் திறந்தவெளி சிமெண்ட் தளம். முட்டிக்கு மரத்தளம் தரும் தயவு அதில் கிடையாது. மார்கழியில் ஓசூர்க் குளிரில் உடம்பு சூடேறாமல் ஓடத் தொடங்குபவனுக்குத் தொடைத்தசை பிடித்துக்கொள்ளும். இரண்டு காலிலும், முட்டியை மடக்கி இறங்கு என்று பழக்குவதற்குச் செலவு எதுவும் இல்லை. யூ.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்துக்கு 1964 முதல் 1975 வரையிலான பன்னிரண்டு ஆண்டுகளில் பத்துப் பட்டம் வாங்கித்தந்த ஜான் வுடன், சீசனின் தொடக்கத்தில் வீரர்களுக்குச் சாக்ஸ் சுருக்கமில்லாமல் போட்டு ஷூ கயிறு கட்டத்தான் சொல்லித்தருவார். கொப்புளம் வந்தவன் ஓடமாட்டான். அவ்வளவுதான் அவர் தத்துவம்.

எல்லா வேலையும் ஒரே இடத்தில் வந்து முட்டுவது டைம்-அவுட்டில். முதல் பாதியில் இரண்டு, இரண்டாம் பாதியில் மூன்று, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம். ஐம்பதாவது விநாடியிலேயே நடுவர் விசில் ஊதிக் கூப்பிட்டுவிடுவார். கடைசிக் கால்பகுதியில் நாற்பது விநாடி பாக்கி, ஒரு புள்ளி பின்னால், பந்து நம் பக்கம் என்று வைத்துக்கொள்வோம். வீரர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு நாற்காலியில் விழுகிறார்கள், தண்ணீர் கைமாறுகிறது. ஆள் நிறைந்த அணியில் தலைமைக் கோச் உடனே அவர்களிடம் போவதில்லை. இரண்டடி தள்ளி நின்று உதவியாளர்களிடம் கேட்கிறார்: அவர்களுக்கு எத்தனை ஃபவுல்? யாருக்கு நான்கு? ஜோனா, மேன்-டு-மேனா? பத்துப் பதினைந்து விநாடி. பிறகு கையில் அட்டை, மார்க்கர்.

அதற்குள் இன்னொரு முடிவும் எடுக்க வேண்டும். கடைசி இரண்டு நிமிடத்தில், தன் பின்களத்தில் பந்து கிடைத்த அணி டைம்-அவுட் எடுத்தால், பந்தை அங்கிருந்தே உள்ளே போடலாம். முன்களத்துக்குக் கொண்டுபோயும் போடலாம். முன்களம் என்றால் ஷாட் போடக் கிடைக்கும் நேரம் 24 விநாடியிலிருந்து 14 ஆகக் குறைந்துவிடும். தூரம் மிச்சம், நேரம் நஷ்டம். நாற்பது விநாடி இருக்கும்போது முன்களத்தைத் தேர்ந்தெடுத்துச் சீக்கிரம் போட்டுவிட்டால், பதில் சொல்ல எதிரணிக்கும் நேரம் இருக்கும். ஆனால் அதன்பின் கடைசிப் பந்து நமக்கு வரலாம். பி.டி. சார் இதை யாரையும் கேட்காமல், ஒரு கையில் தண்ணீர் பாட்டிலை நீட்டிக்கொண்டே முடிவு செய்கிறார்.

இதில் வேடிக்கை, கோச்சுக்கு இந்த ஒரு நிமிடமே வெகுகாலம் கிடைக்கவில்லை என்பது. அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தில் டைம்-அவுட்டின்போது வீரர்களிடம் பேச 1948-49இல்தான் அனுமதி வந்தது. ஆட்டம் ஆடுகிறவர்களுடையது, வெளியில் இருப்பவர் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பது பழைய எண்ணம். 1891இல் ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் பீச் பழக்கூடையை மாட்டி இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித்தே கான்சஸ் பல்கலைக்கழகத்தில் கோச்சாக இருந்தார். 55 வெற்றி, 60 தோல்வி. கோச் என்பது தனித் தொழில் என்று நிரூபித்தவர், அங்கே அவரிடம் ஆடிய ஃபாக் ஆலன்.

அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக், 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். தமிழ்நாட்டு பி.டி. சார்களின் பரம்பரை அங்கிருந்து வருகிறது. ஆனால் அந்தப் படிப்பு கபடி, வாலிபால், தடகளம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆளைத் தயாரிப்பது. ஒரே ஆட்டத்தில் ஊறிய கோச்சை உருவாக்கத்தான் 1961இல் பாட்டியாலாவில் தேசிய விளையாட்டு நிறுவனம் வந்தது. “அவர் என்.ஐ.எஸ். முடித்தவர்” என்று மைதானத்தில் ஒரு மரியாதையோடு சொல்வது இதனால்தான். கல்லூரிக்கு வாய்ப்பது பெரும்பாலும் முதல் வகை. கூடைப்பந்து அவருடைய பத்து ஆட்டங்களில் ஒன்று.

ஓசூர் இருக்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. இங்குள்ள கலை, அறிவியல் கல்லூரிகள் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ். பொறியியல் கல்லூரிகள் அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ். ஒரே ஊரில் இரண்டு தெரு தள்ளி இருக்கும் இரண்டு அணிகள் பல்கலைக்கழகப் போட்டியில் சந்திக்கவே சந்திக்காமல் போகலாம். நல்ல எதிரணி வேண்டுமென்றால் சென்னை முந்நூறு கிலோமீட்டர், பெங்களூரு நாற்பது. அத்திப்பள்ளியைத் தாண்டி ஒரு பயிற்சி ஆட்டத்துக்குப் போய்வருவது, மாநில எல்லையை மறந்த கோச்சுக்குச் சுலபம்.

பிறகு, கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி முடிந்ததும் பல்கலைக்கழக அணி தேர்வாகும். தென்மண்டலப் போட்டிக்குப் போகும் அந்த அணிக்கு, ஏதோ ஒரு கல்லூரியின் பி.டி. சாரே கோச். போன வாரம் வரை எதிரியாக நின்ற பையன்கள் சில நாள் முகாமில் அவர் கைக்கு வருகிறார்கள். யாருக்கு இடதுகை வராது, யார் நாலாவது ஃபவுலில் பதறுவான் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். தோற்கடிக்கத் தேடிவைத்த குறிப்புகள் இப்போது திருத்த உதவும்.

தொழிற்பேட்டை இந்தப் பக்கத்துக்குத் தரும் ஒரே வசதி ஷிஃப்ட். காலை ஷிஃப்ட் முடித்துவிட்டு, கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, சீருடைச் சட்டையைக் கழற்றிவிட்டு கோர்ட்டுக்கு வரும் பழைய மாணவர்தான் இங்கே பல அணிகளுக்குச் சம்பளமில்லாத உதவிக் கோச். அடுத்த வாரம் அவருக்கு இரவு ஷிஃப்ட் என்றால் அணிக்கு டிஃபன்ஸ் சொல்லித்தர ஆள் இல்லை. பையன்களின் வீட்டுமொழி தமிழாக, தெலுங்காக, கன்னடமாக இருக்கும். ஸ்கிரீன், ஹெல்ப், பாக்ஸ் அவுட் ஆகிய மூன்றும் மட்டும் எல்லாருக்கும் ஒரே மொழி.

மேனேஜர் என்று ஒரு பதவி பெயர்ப்பட்டியலில் இருக்கும். ஆட்டம் தொடங்க நாற்பது நிமிடம் முன்பே வீரர் பட்டியலைக் கொடுப்பதும், பத்து நிமிடம் இருக்கும்போது முதல் ஐவரைக் குறித்துக் கையெழுத்திடுவதும் கோச் வேலை. மேனேஜர் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஜெர்ஸி பன்னிரண்டும் வந்ததா, பந்து எட்டும் பையில் இருக்கிறதா, யாருடைய செல்போன் டிரெஸ்ஸிங் ரூமில் கிடக்கிறது என்று பார்க்க வேண்டும். சேலத்திலிருந்து திரும்பும் பஸ்ஸில் பையன்கள் அந்தக் கடைசி நாற்பது விநாடியைத் திரும்பத் திரும்ப ஆடித்தீர்த்துவிட்டுத் தூங்கியிருப்பார்கள். முன் சீட்டில் பி.டி. சார் பஸ் டிக்கெட்டுகளை ஒரு வெள்ளைத்தாளில் வரிசையாக ஒட்டிக்கொண்டிருப்பார். நாளை ஆபீஸில் வவுச்சர் போட வேண்டும்.