மூன்று சிஸ்டம், ஒரு ஏபிஐ, ஒரே எழுத்தில் இரண்டு பெயர்கள்



போன எபிசோடில் "பல இடத்தில இருக்கிற டேட்டாவை ஒரே ஏபிஐக்குள்ள கொண்டு வரலாம், அதுக்கு நிறைய டூல் இருக்கு" என்று சொல்லிவிட்டு, இரண்டு நிமிடத்தில் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டோம். அதற்குப் பிறகு வந்த மெசேஜ்கள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே கேள்விதான்: எந்த டூல்? யூனிவர்சிட்டி ப்ராஜெக்ட் செய்பவர்களும் கேட்டிருக்கிறீர்கள், முதல் வேலையில் சேர்ந்தவர்களும் கேட்டிருக்கிறீர்கள். பதில் கீழே இருக்கு. கூடவே நான் செய்த ஒரு பிழையையும் சொல்லப்போகிறேன். அந்தப் பிழை எந்த டூலிலும் இருக்கவில்லை, என் கோடில்தான் இருந்தது.

பிரச்சினை என்ன?

சில வருடங்களுக்கு முன் லண்டனில் பல பல் கிளினிக்குகளை நடத்தும் ஒரு குழுமத்தில் எனக்கு ஆறு மாதக் கான்ட்ராக்ட். அங்கே மூன்று சிஸ்டம். அப்பாயிண்ட்மென்ட் புக்கிங் ஒன்று: ரெஸ்ட் ஏபிஐ, ஜேசன். மருத்துவக் குறிப்புகள் இன்னொன்று: பழைய சோப் சர்வீஸ், எக்ஸ்எம்எல். (குளிக்கிற சோப் இல்லை, ரெஸ்டுக்கு முந்தின தலைமுறை.) காசுக் கணக்கு மூன்றாவது: நேரடியாக ஒரு போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ்.

ரிசெப்ஷனில் இருப்பவர் ஒரு நோயாளி வந்தால் மூன்று விண்டோ திறக்கவேண்டும். பெயர், ஒவ்வாமை, அடுத்த அப்பாயிண்ட்மென்ட், கட்டவேண்டிய பாக்கி, இந்த நாலும் ஒரே ஸ்கிரீனில் வேண்டும் என்பதுதான் கேட்ட வேலை.

ஸ்கிரீனே மூன்று இடத்துக்கும் தனித்தனியாகக் கோல் போடலாம். ஆனால் மூன்று விதமான லாகின், மூன்று விதமான எரர், தேவையில்லாத நூறு ஃபீல்டு எல்லாம் பிரவுசருக்கு வந்து சேரும். அதனால் நடுவில் ஒரு சின்ன சர்வர் வைப்பார்கள். ஸ்கிரீன் அதனிடம் மட்டும் கேட்கும், அது பின்னால் போய் மூன்றையும் சேர்த்துக் கொண்டுவரும். 'பேக்எண்ட் ஃபார் ஃப்ரண்ட்எண்ட்' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரு டீம், ஒரு ஸ்கிரீன் என்றால் இதுவே போதும். மொபைல் ஆப், டேப்லெட், மேனேஜருக்கு டாஷ்போர்டு என்று ஸ்கிரீன்கள் கூடும்போதுதான் ஒரே இணைப்புக் கோடை நாலு இடத்தில் எழுத வேண்டி வரும்.

லண்டனில் தினமும் பாவிக்கிற உதாரணம்

லண்டன் போக்குவரத்து நிறுவனமான டிஎஃப்எல் வெளியிடும் பொது ஏபிஐயின் பெயரே 'யூனிஃபைட் ஏபிஐ'. அதற்கு முன் டியூப் ரயில் எங்கே நிற்கிறது என்று அறிய டிராக்கர்நெட் என்று ஒரு ஃபீட், பஸ் எத்தனை நிமிடத்தில் வரும் என்று அறிய கவுண்ட்டவுன் என்று வேறொரு ஃபீட். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வடிவம். இப்போது டியூப், பஸ், டிஎல்ஆர், டிராம், படகு எல்லாவற்றுக்கும் ஒரே அமைப்பில் ஜேசன் வரும். வாடகைச் சைக்கிள் நிலையத்தில் எத்தனை சைக்கிள் மிச்சம் என்பதும் அதே ஏபிஐயில் கிடைக்கும்.

இதில் கஷ்டமான பகுதி வடிவத்தை மாற்றுவது இல்லை. கிங்ஸ் கிராஸை எடுங்கள். உங்களுக்கும் எனக்கும் அது ஒரே இடம். டேட்டாவில் அங்கே இருக்கும் டியூப் ஸ்டேஷனுக்கு 940 என்று தொடங்கும் ஒரு குறியீடு, ரயில் ஸ்டேஷனுக்கு 910 என்று தொடங்கும் வேறொன்று, வெளியே உள்ள ஒவ்வொரு பஸ் நிறுத்தத்துக்கும் 490 என்று தொடங்கும் தனித்தனிக் குறியீடு. இவையெல்லாம் ஒரே இடத்தைச் சேர்ந்தவை என்று சொல்ல, மேலே 'ஹப்' என்று ஒரு தனி அடையாளம் கொடுத்திருக்கிறார்கள். எந்த நிறுத்தம் எந்த ஹப்பைச் சேர்ந்தது என்பதை எங்கோ ஒரு இடத்தில் தெளிவாகப் பதிந்து வைத்தால்தான் இது வேலை செய்யும். இதை மனதில் வைத்திருங்கள், திரும்ப வருவேன்.

டூல்கள்

இன்றைக்கு இந்த வேலைக்குப் பரவலாகப் பாவிக்கப்படும் ஒன்று கிராஃப்க்யூஎல். ஃபேஸ்புக் 2012-ல் உள்ளே உருவாக்கி, 2015-ல் ஓப்பன் சோர்ஸ் ஆக்கியது. கடைக்குக் கொடுக்கும் சாமான் லிஸ்ட் மாதிரி: எந்த ஃபீல்டு வேண்டுமோ அதை மட்டும் எழுதிக் கேட்கலாம், அது மட்டும்தான் வரும். ஒவ்வொரு ஃபீல்டுக்கும் பின்னால் 'ரிசால்வர்' என்று ஒரு ஃபங்ஷன் இருக்கும். அது டேட்டாவை எங்கிருந்து எடுக்கிறது என்பது கேட்பவருக்குத் தெரியத் தேவையில்லை. அதனால்தான் பல மூலங்களைச் சேர்க்க இது நன்றாகப் பொருந்துகிறது.

இதை வைத்து மூன்று வழி இருக்கு.

ஹசுரா: போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸைக் காட்டினால், டேபிள்களைப் படித்து உடனே கிராஃப்க்யூஎல் ஏபிஐ தரும். வெளியே உள்ள வேறு கிராஃப்க்யூஎல் சர்வீஸ்களையும் அதோடு கோர்க்கலாம். டேட்டாவில் பெரும்பகுதி உங்கள் டேட்டாபேஸிலேயே இருந்தால் இது வேகமான வழி.

கிராஃப்க்யூஎல் மெஷ்: 'தி கில்ட்' என்ற குழு 2020-ல் வெளியிட்டது. பின்னால் உள்ள சர்வீஸ்கள் கிராஃப்க்யூஎல் ஆக இருக்கத் தேவையில்லை. ஓப்பன்ஏபிஐ, சோப், ஜிஆர்பிசி, எஸ்க்யூஎல் என்று எதைக் கொடுத்தாலும் அதிலிருந்து ஸ்கீமா செய்து ஒன்றாகச் சேர்க்கும். மாற்ற முடியாத பழைய சிஸ்டங்கள் இருந்தால் இது கைகொடுக்கும். நான் எடுத்ததும் இதைத்தான்.

அப்போலோ ஃபெடரேஷன்: 2019-ல் வந்தது. பெரிய நிறுவனம், நிறைய டீம்கள் என்றால் இதைப் பார்க்கவேண்டும். ஒவ்வொரு டீமும் தன் 'சப்கிராஃப்'பைத் தானே எழுதும், முன்னால் ஒரு ரவுட்டர் எல்லாவற்றையும் ஒன்றாகக் காட்டும். நெட்ஃபிளிக்ஸ் தன் ஸ்டூடியோப் பக்க சிஸ்டங்களுக்கு இந்த முறைக்குப் போனது. ஒரு எச்சரிக்கை: 2021-ல் ஃபெடரேஷன் 2-இன் லைசென்ஸ் எலாஸ்டிக் லைசென்ஸுக்கு மாறியது. உங்கள் கம்பெனிக்குள் பாவிக்கலாம், அதையே ஒரு சர்வீஸாக மற்றவர்களுக்கு விற்க முடியாது. அது தடை என்றால் வுண்டர்கிராஃப் காஸ்மோ, ஹைவ் கேட்வே போன்ற ஓப்பன் சோர்ஸ் மாற்றுகள் இருக்கு.

ஸ்கிரீனுக்கு இல்லை, மாதக் கடைசி ரிப்போர்ட்டுக்குத்தான் டேட்டா சேர்க்கவேண்டும் என்றால் இவை எதுவும் வேண்டாம். டிரீனோ மாதிரி ஒன்றைப் பாருங்கள். பல டேட்டாபேஸ்கள் மேல் ஒரே எஸ்க்யூஎல் க்வெரி ஓடும்.

டெமோவில் தெரியாத இரண்டு விஷயங்கள்

முதலாவது, 'என் பிளஸ் ஒன்' பிரச்சினை. இன்றைக்கு வரும் 40 நோயாளிகளின் லிஸ்ட்டுக்கு ஒரு கோல். பிறகு ஒவ்வொருவரின் ஒவ்வாமைக்கும் தனித்தனிக் கோல். மொத்தம் 41. பழைய சோப் சர்வர் மூச்சுத் திணறிவிடும். ஃபேஸ்புக்கிலிருந்தே வந்த டேட்டாலோடர் என்ற சின்ன லைப்ரரி, ஒரே நேரத்தில் வரும் கேள்விகளைச் சேர்த்து ஒரே கோலாக அனுப்பும். ஆனால் பின்னால் உள்ள சிஸ்டம் 'இந்த 40 பேரையும் ஒன்றாகத் தா' என்று கேட்க விடவேண்டும். விடாவிட்டால் லைப்ரரியால் அதிகம் செய்ய முடியாது.

இரண்டாவது, 'நல்'. மூன்று மூலத்தில் ஒன்று படுத்துவிட்டால் கிராஃப்க்யூஎல் மற்ற இரண்டின் பதிலையும் தந்து, விழுந்த ஃபீல்டில் நல் போட்டு, எரரைத் தனியாக ஒரு லிஸ்டில் தரும். நல்ல வசதிதான். ஆனால் ஸ்கிரீன் எழுதுபவர் அந்த எரர் லிஸ்டைப் பார்க்காவிட்டால், 'ஒவ்வாமை இல்லை', 'ஒவ்வாமை தெரியாது' இரண்டும் ரிசெப்ஷனில் ஒரே வெற்று இடமாகத்தான் தெரியும்.

என் பிழை

புக்கிங் சிஸ்டத்தில் இருக்கும் ஒருவரும் மருத்துவக் குறிப்பில் இருக்கும் ஒருவரும் ஒரே ஆள் என்று எப்படித் தெரியும்? இங்கிலாந்தில் இதற்கு 10 இலக்க என்ஹெச்எஸ் எண் இருக்கு. ஆனால் அந்தப் புக்கிங் சிஸ்டத்தில் அதைக் கேட்கவே இல்லை. ஃபெடரேஷனில் சப்கிராஃப்களுக்கு இடையே இணைக்கும் டைப்புக்கு 'கீ' என்று ஒரு வரி எழுதவேண்டும், மெஷில் அதே வேலையைச் செய்யும் ரிசால்வரை நானே எழுதினேன்.

பெயரை முழுதாக ஒப்பிட முடியவில்லை. ஒரு சிஸ்டத்தில் முழுப்பெயர், இன்னொன்றில் இனிஷியல் மட்டும், ஸ்பெல்லிங் வேறு வேறு. அதனால் 'புத்திசாலித்தனமாக' ஒரு வழி செய்தேன்: பெயரின் முதலெழுத்து, கடைசிப் பெயர், பிறந்த தேதி, போஸ்ட்கோட். நாலும் பொருந்தினால் ஒரே ஆள். ஒன்றுக்கு மேல் வந்தால் முதலாவதை எடு. டெஸ்ட் எல்லாம் பச்சை.

ஒரு கிளினிக்கில் மட்டும் இரண்டு வாரம் ஓடவிட்டோம். நாலாவது நாள் ஃபோன். ரிசெப்ஷனில் இருந்தவர் ஒரு தமிழ் அக்கா. புதுசை நம்பாமல் பழைய விண்டோவையும் மூடாமல் வைத்திருந்திருக்கிறார்.

"தம்பி, இந்தப் பிள்ளைக்குப் பெனிசிலின் ஆகாது எண்டு பழசில சிவப்பில கிடக்கு. உங்கட புதுசில ஒண்டுமில்லையே?"

இரட்டைப் பிள்ளைகள். இரண்டு பெயரும் 'க'வில் தொடங்குகின்றன. கடைசிப் பெயர் இருவருக்கும் அப்பாவின் பெயர். ஒரே பிறந்த நாள், ஒரே வீடு. என் கோடுக்கு அவர்கள் ஒரே ஆள். முதலாவதாக வந்த அண்ணனின் குறிப்பில் ஒவ்வாமை எதுவும் இல்லை, அதனால் தம்பியின் ஸ்கிரீனிலும் இல்லை. பல்லில் தொற்று வந்தால் வழக்கமாக எழுதும் அமொக்சிசிலின் பெனிசிலின் வகைதான். அந்த அக்கா பழைய விண்டோவை மூடியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைக்க இப்பவும் வயிறு பிசையும்.

எனக்குக் கோபம் என் மேல்தான். எங்கள் வீட்டில் எனக்கும் தம்பிக்கும் ஒரே எழுத்தில்தான் பெயர், கடைசிப் பெயர் அப்பாவின் பெயர். பேங்க் கடிதம் வந்தால் யாருக்கு என்று திறந்து பார்த்துத்தான் தெரியும். உங்களில் பாதிப் பேர் வீட்டிலும் இதே கதையாகத்தான் இருக்கும். இதோடு வளர்ந்த நானே, இப்படிப்பட்ட குடும்பமே உலகத்தில் இல்லை என்கிற மாதிரி ஒரு கீ எழுதியிருக்கிறேன்.

பிறகு செய்தது

அன்றைக்கே பைலட்டை நிறுத்தினோம். டிஎஃப்எல் ஹப் மாதிரி ஒரு தனி டேபிள் போட்டோம்: எங்கள் சொந்த அடையாள எண் ஒன்று, பக்கத்தில் மூன்று சிஸ்டத்திலும் அவருக்கு உள்ள எண்கள். முழுப்பெயர், பிறந்த தேதி, ஃபோன் எண் எல்லாம் சந்தேகமில்லாமல் பொருந்தினால் மட்டும் தானாக இணைக்கும். மற்றவை ஒரு லிஸ்டுக்குப் போகும். அந்த நோயாளி அடுத்த முறை வரும்போது ரிசெப்ஷனில் நேரில் கேட்டு உறுதி செய்வார்கள். 'முதலாவதை எடு' என்ற வரி அழிந்தது, இரண்டு பேர் பொருந்தினால் இப்போது எரர்தான். ஒவ்வாமை ஃபீல்டு நல் ஆகவே முடியாது. 'இருக்கு', 'இல்லை', 'தெரியவில்லை, கேளுங்கள்' என்று மூன்று பதில்தான்.

மெஷை மாற்றவில்லை. அது கடைசிவரை சரியாகத்தான் ஓடியது.

ஆகவே, எந்த டூல் என்று கேட்டவர்களுக்கு: ஒரு ஸ்கிரீன் என்றால் சின்ன பேக்எண்ட், உங்கள் டேட்டாபேஸ்தான் பிரதானம் என்றால் ஹசுரா, பழைய சிஸ்டங்கள் என்றால் மெஷ், நிறைய டீம்கள் என்றால் ஃபெடரேஷன். ஆனால் இன்ஸ்டால் செய்ய முதல் ஒரு பேப்பரில் எழுதுங்கள்: இரண்டு சிஸ்டத்தில் இருப்பது ஒரே ஆள் என்று எதை வைத்துச் சொல்கிறேன்? அது பிழைத்தால் யாருக்கு என்ன நடக்கும்? பிறகு உங்கள் வீட்டில் எல்லாருடைய பெயரையும் பிறந்த தேதியையும் போட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அம்மா, அப்பா, அக்கா, தம்பி தனித்தனியாக வந்தால் மிச்சத்தைத் தொடங்கலாம்.

உங்கள் பெயர் எந்த சிஸ்டத்தில் எப்படி உடைந்தது என்று ரிப்ளை பண்ணுங்கள். அடுத்த எபிசோடில் அதைப் பற்றித்தான் கதைக்கப்போகிறோம்.